காவிவழி, வலைவழி, கைவச அனுமதி, கணக்கு அனுமதி: கணினி விளையாட்டு விநியோகத்துக்கான சொற்கள்

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம்.

கணினி விளையாட்டுகள் விற்கப்படும் முறைகளுக்கு, பிள்ளைகளுக்கான நம் சொற்பட்டியலில் இதுவரை 'பௌதிக விநியோகம்', 'இலக்கமுறை விநியோகம்' என்ற சோடியை எழுதி வந்திருக்கிறோம். அதைக் கைவிடலாம் என்று நினைக்கிறேன். இறுவட்டில் இருப்பதும் இலக்கமுறைத் தரவுதான், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலிருந்து வன்தட்டுக்கு இறங்குவதும் அதே தரவுதான். இரண்டுக்கும் பொதுவான ஒன்றை வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஒரு பிள்ளைக்கு உண்மையில் விளங்க வேண்டியவை இரண்டு: தரவு எந்த வழியால் வந்தது, விளையாடும் உரிமை எங்கே இருக்கிறது. முதலாவதற்குக் 'காவிவழி', 'வலைவழி' என்ற சோடியைத் தருகிறேன். டிவிடி, நின்டென்டோ அட்டை, பென் ட்ரைவ், வெளி வன்தட்டு எல்லாம் தரவைக் காவிக்கொண்டு வருபவை. நுளம்பை நோய்க்காவி என்று படித்த பிள்ளைக்குத் 'தரவுக்காவி' உடனே பிடிபடும். இரண்டாவதற்குக் 'கைவசப் பிரதி', 'கணக்குப் பிரதி'.

ஒரு சோடி போதாதா என்று கேட்பீர்கள். ஸ்டீம் 2003 செப்டெம்பரில் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 என்ற விளையாட்டு கடைகளுக்குப் பெட்டியில் வந்தது. தட்டு கையில் இருந்தாலும் ஸ்டீம் கணக்கில் பதியாமல் விளையாட முடியாது. வந்தது காவிவழி, உரிமை கணக்கில். ஜிஓஜி என்ற விளையாட்டு விற்பனைத் தளம் இதற்கு நேர்மாறு: விளையாட்டு வலைவழி வருகிறது, ஆனால் நிறுவல் கோப்பைச் சேமித்துவிட்டால் பிறகு இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 'பௌதிகம்', 'இலக்கமுறை' என்று மட்டும் எழுதினால் இந்த இரண்டும் தவறான பெட்டிக்குள் விழும்.

வவுனியாவிலிருந்து:

ரீச்சர், இரண்டாகப் பிரித்தது மிகவும் சரி. இங்கே நடைமுறையில் தடுமாற்றம் வருவதும் அந்த இடத்தில்தான்.

சிம் போட்ட ரவுட்டரில் செக்கனுக்கு 10 மெகாபிற் நிலையாகக் கிடைத்தால் 50 ஜிபி விளையாட்டு ஒன்று இறங்க ஏறக்குறைய 11 மணித்தியாலம். மாலையில் வேகம் பாதியானால் 22. (பிற்றையும் பைற்றையும் குழப்பி, 'பத்து எம்பி லைன்தானே, ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிடும்' என்று கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். ஒரு பைற் எட்டு பிற், அதனால் எட்டால் பெருக்க வேண்டும்.) அதனால் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இறக்கி, வெளி வன்தட்டில் போட்டு, ஏ9 பஸ்ஸில் மாங்குளத்துக்கோ மல்லாவிக்கோ கொண்டுபோய் 'ஏத்துவது' இயல்பான வழி. வலைவழி வந்த தரவு கடைசித் தூரத்தைக் காவிவழி கடக்கிறது. ரீச்சரின் சொற்களில் இதைச் சுற்றிவளைக்காமல் எழுதலாம். பழைய சோடியில் இதற்கு இடமே இல்லை.

ஸ்டீம் விளையாட்டை இப்படிக் கொண்டுபோகும்போது எங்கே பிழை வருகிறது என்பதையும் குறிப்பில் சேருங்கள். முதலில் விளையாட்டை முழுதாக இற்றைப்படுத்தி, ஸ்டீமை மூட வேண்டும். 'ஸ்டீம்ஆப்ஸ்' கோப்புறைக்குள் 'காமன்' என்பதில் விளையாட்டின் பெயரில் உள்ள கோப்புறை முழுவதையும், 'ஸ்டீம்ஆப்ஸ்' மட்டத்திலேயே 'ஆப்மேனிஃபெஸ்ட்' என்று தொடங்கி அந்த விளையாட்டின் எண்ணைக் கொண்ட சிறிய கோப்பையும் எடுக்க வேண்டும். மற்றக் கணினியில் ஸ்டீம் மூடியிருக்க, அதே இடங்களில் வைத்து, பிறகு திறந்து கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். சிறிய கோப்பை விட்டுவிட்டால் ஸ்டீமுக்கு விளையாட்டு இருப்பதே தெரியாது. அப்போது 'நிறுவு' என்பதை அழுத்தினால் இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடித்துச் சரிபார்க்கும், குறைவதை மட்டும் இறக்கும். இற்றைப்படுத்தல் பாதியில் நிற்கும்போது நகலெடுத்தால் பெரும்பகுதியைத் திரும்ப இறக்க நேரும்.

பென் ட்ரைவ் ஃபாட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. உள்ளே 64 ஜிபி வெறுமையாக இருந்தாலும் 'கோப்பு மிகப் பெரிது' என்றுதான் வரும். எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றினால் தீரும். ஃபோர்மட் செய்து மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துபோகும், முன்பே வேறிடத்தில் வைக்க வேண்டும். ஜிஓஜி பெரிய விளையாட்டுகளைத் துண்டுகளாகத் தருகிறது. எல்லாத் துண்டும் நிறுவல் கோப்போடு ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பாதியில் நின்று அடுத்த தட்டைக் கேட்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், மறுமுனையில் இருப்பவரின் கணக்கில் அந்த விளையாட்டு இல்லையென்றால் ஸ்டீம் திறக்காது. தரவு வந்துவிட்டது, உரிமை வரவில்லை. அதனால்தான் 'பிரதி' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. பிரதி அங்கே முழுதாக இருக்கிறதே! மேலும் 'கணக்குப் பிரதி' என்றால் வங்கிக் கணக்கின் நகல் என்றுதான் முதலில் வாசிப்பார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

வணக்கம் ரீச்சர், வணக்கம் அண்ணை.

'காவி' பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் காவி என்றதும் நிறம்தான் நினைவுக்கு வரும், நோய்க்காவியை அங்கே நோய்க்கடத்தி என்பார்கள். தனியே 'காவி' என்று எழுதாமல் முதல் இடத்தில் 'தரவுக்காவி' என்று எழுதிவிட்டுப் பிறகு 'காவிவழி' என்று சுருக்கினால் போதும். 'கடத்தி'க்கு மாற வேண்டாம், அது மின்கடத்திக்குப் போய்விடும்.

'கைவசம்' என்ற சொல்லை வைத்திருக்கலாம், ஆனால் தட்டு இருந்தால் என்றென்றும் விளையாடலாம் என்று பொருள்படக் கூடாது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த பல விளையாட்டுத் தட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்பு இருந்தது. அதற்கு வேண்டிய இயக்கியை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. கீறல் ஒன்றும் இல்லாத தட்டுக்கூட நிறுவப்பட்டு, ஓட மறுக்கும். தி குரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் கதை இன்னும் மோசம்: 2024 மார்ச் 31இல் சேவையகங்கள் நிறுத்தப்பட்டதும், தட்டில் வாங்கியவர்களும் இழந்தார்கள். கடையில் காசு கொடுத்துப் பெட்டியில் வாங்கிய ஒருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதே என் எண்ணம். பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லும் சொல் வேண்டும்.

தட்டைப் பற்றிய பதிவுக்கு ஒரு குறிப்பு. சீடியில் ஒளிதெறிக்கும் படை மேற்பக்க அச்சுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் இருக்கிறது. பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஒட்டியதை உரித்தாலோ தரவு போய்விடும். பளபளப்பான பக்கத்துக் கீறலைவிட இது ஆபத்து. டிவிடியில் அந்தப் படை இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேற்பக்கம் அவ்வளவு பயமில்லை. செம்மண் புழுதி படிந்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவுத் தடத்தின் வழியே நீண்டு ஓடும், வாசிக்கும் கருவியின் பிழைதிருத்தத்தால் ஈடுசெய்ய முடியாமல் போகும்.

'பிரதி'க்குப் பதிலாக 'உரிமை' போடலாமா?

கிளிநொச்சியிலிருந்து:

தம்பி, அண்ணை, இருவருக்கும் நன்றி. 'பிரதி'யை எடுத்துவிடுகிறேன். 'உரிமை'யும் பொருந்தாது: தட்டில் வாங்கினாலும் சட்டப்படி கிடைப்பது பயன்படுத்தும் அனுமதிதான், நிரலின் உரிமை அல்ல. சாரதி அனுமதிப்பத்திரம் என்று நாம் நாளும் சொல்லும் 'அனுமதி'யையே எடுத்து, 'கைவச அனுமதி', 'கணக்கு அனுமதி' என்று வைப்போம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டமும் இதே கோட்டைத்தான் கீறுகிறது: அனுமதியை மட்டும் விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதக் கூடாது. இணையமில்லாமல் நிரந்தரமாக வைத்திருக்கும்படி இறக்கித் தரும் விற்பனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நின்டென்டோ சுவிட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவியுடன் 2025இல் வந்த புதுவகை அட்டை இந்தச் சோடியை நன்றாகச் சோதிக்கிறது. அட்டையில் விளையாட்டு இல்லை. முதல் தடவை போட்டதும் முழுவதையும் வலைவழி இறக்க வேண்டும், பிறகு விளையாடும் ஒவ்வொரு தடவையும் அட்டை உள்ளே இருக்க வேண்டும். இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். பிரதி கையில் இல்லை, அனுமதி கையில் இருக்கிறது. இதற்குத் 'திறப்பு அட்டை' என்று பெயர் வைக்கிறேன். தரவுத்தளப் பாடத்தில் 'முதன்மைச் சாவி' என்று வருவதால் 'சாவி அட்டை' என்று கேட்கக்கூடும். பூட்டுக்குரியது நமக்குத் திறப்புத்தான், இங்கே அட்டை செய்வதும் அந்த வேலையைத்தான்.

பட்டியலில் போகும் வடிவம் இது:

காவிவழி: விளையாட்டின் தரவு தட்டு, அட்டை, வன்தட்டு போன்ற தரவுக்காவியில் வந்து சேர்வது. வலைவழி: அது இணையத்தால் இறங்குவது. ஒரே விளையாட்டு இரண்டு வழியாலும் வரலாம்.

கைவச அனுமதி: கையில் உள்ள தட்டோ அட்டையோ கோப்போ இருந்தால் போதும், விளையாடுவதற்கு விற்றவரின் கணக்குத் தேவையில்லை என்ற நிலை. இயக்க முறைமை மாறினால் ஓடாமல் போகலாம்.

கணக்கு அனுமதி: விற்றவரின் சேவையகத்தில் உள்ள பயனர் கணக்கோடு பிணைந்த அனுமதி. கோப்புகளை நகலெடுத்தால் அனுமதி சேர்ந்து வராது. கணக்கோ சேவையகமோ மூடப்பட்டால் தட்டு இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

திறப்பு அட்டை: விளையாட்டுத் தரவு இல்லாத, கைவச அனுமதியை மட்டும் கொண்ட அட்டை. முதல் தடவை இணையம் வேண்டும்.