புதுப்பிப்பு: கரையான் ஏறிய புத்தகப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கும் புத்தகப் பெட்டியில் கரையான் ஏறிவிட்டதென்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அதன் மிச்சக் கதை. (மன்னார்குடிப் பக்கம். எங்கள் வீட்டுத் திண்ணைதான் நூலகம்.)

40-இல் 26 தேறின. "வெயிலில் காயவை, வசம்பு போடு" என்ற அக்காமாருக்கு நன்றி. ஓலைச்சுவடிக்கே வசம்புதானே. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட கரையான் அதற்கெல்லாம் அசையவில்லை. பெட்டியைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, பெஞ்சில் ஏற்றி, பெஞ்சுக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்திய பிறகுதான் ஓய்ந்தது. மாமியார் யோசனை. சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வராமல் அவர் செய்வது.

என் கதை நோட்டும் அதற்குள்தான் இருந்தது. மகள் தூங்கியபின் ராத்திரி ராத்திரியாக எழுதியது. நடுவில் 11 பக்கம் சல்லடை. அவள் அதை விளக்கில் பிடித்துப் பார்த்து, "அம்மா, புள்ளிக்கோலம்!" என்கிறாள். திரும்ப எழுதினேன், 5 பக்கத்தில் முடிந்துவிட்டது. கரையானுக்கு எடிட்டிங் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. இங்கே மேலவாசலில் 1931-லேயே மாட்டுவண்டி நூலகம் ஓடியது. தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். இதைப் பால்கார அண்ணனிடம் சொல்லப்போக, இப்போது அவர் கேன்களுக்கு நடுவே 10 புத்தகம் கட்டிக்கொண்டு பாமணி ஆற்றுக்கு அக்கரைத் தெருவுக்கும் போகிறார். 8 திரும்பிவிட்டன. ஒன்றின் கடைசிப் பக்கத்தில் யாரோ பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.