மலையில் மாட்டிக்கொண்டு "நான் ஆயத்தமா?" என்று கேட்டுக்கொண்ட அனுபவம் உண்டா?

அஸ்தம்பட்டி தம்பி:

நானே ஆரம்பிக்கிறேன். போன டிசம்பர், வாலிபர் முகாம், ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. ராத்திரி வேதபாடம் நான்தான் எடுத்தேன். மத்தேயு 25, பத்து கன்னிகைகள்: மணவாளனுக்காகத் தீவட்டியோடு காத்திருந்தவர்களில் ஐந்து பேர் கூடுதல் எண்ணெய் வைத்திருந்தார்கள், ஐந்து பேர் வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் பேசி, கடைசியில் குரலைத் தாழ்த்தி "உங்க தீவட்டில எண்ணெய் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். இரண்டு பேர் அழுதார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே சமையல் கொட்டகைக்குத் தனியாகப் போனேன். காப்பிச் செடிக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மூடுபனி, கையில் செல்போன் வெளிச்சம். நாலு சதவீதம் சார்ஜ் என்று கிளம்பும்போதே தெரியும். பாதி வழியில் அணைந்தது. அணைந்த அதே நொடியில் வலது பக்கம் "புஸ்ஸ்" என்று ஒரு மூச்சு. பத்தடி இருக்கும். காட்டெருமை. பார்க்கவில்லை, ஆனால் அந்த மூச்சின் சூடு என் முழங்கையில் பட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். (பத்தடி தூரத்திலிருந்து எப்படிப் படும் என்று என் தங்கை கேட்கிறாள். படாதுதான்.)

விஷயம் அதுவல்ல. அந்த நேரத்தில் "கர்த்தாவே" என்று ஒரு வார்த்தை வரவில்லை. "வண்டித் தவணை இன்னும் ஏழு மாசம் பாக்கி, அப்பாதான் கட்டணும்." இதுதான் மனதில் ஓடியது. சத்தியமாக இது மட்டும்தான்.

எஸ்டேட் வாட்ச்மேன் பெரியவர் பழைய தகர டார்ச்சோடு வந்து "தம்பி, லைட்டு இல்லாமயா வந்தீங்க?" என்றார். மாடு எப்போது போனதென்றே தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் டார்ச்சுக்கு இன்னும் இரண்டு பேட்டரி செல் துருத்திக்கொண்டிருந்தது. அவர் சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர், பத்து கன்னிகைகள் கதையைக் கேட்டிருக்க மாட்டார்.

சூரமங்கலம் அக்கா:

தம்பி, உங்களுக்காவது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் செய்ததைக் கேளுங்கள். மே மாசம், ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு சேர்வராயன் மலை உச்சிக்குப் போயிருந்தோம். அங்கே மேலே மரமே இல்லாத வெட்டவெளி, தெரியும்தானே. திடீரென்று இருட்டிக்கொண்டு இடி. நான் என் மாமியாரின் கையைப் பிடித்திருந்தேன், அவருக்கு முட்டிவலி. இரண்டாவது மின்னலில் கையை உதறிவிட்டுக் காருக்கு ஓடிவிட்டேன். உதறினேன், தவறவிடவில்லை. காரின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாய் அசைகிறது. பாட்டா ஜெபமா தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் போய்க் கூட்டிவந்தார். நனைந்துபோய் ஏறினவர் "நீ பிள்ளையப் பாக்க ஓடுன, பரவால்லம்மா" என்றார். பிள்ளை அவர் மகன் தோளில் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

அத்தை 2018இல் இறந்துபோனார். பீரோவைத் திறந்தால் ஒரு மஞ்சள் பை. அதில் வெள்ளைப் புடவை, வெள்ளை ரவிக்கை, பைபிள், "குழி வெட்றவங்களுக்கு" என்று பென்சிலில் எழுதிய கவர். கவரில் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு. எல்லாம் பழைய நோட்டு, 2016லேயே செல்லாமல் போனவை. அவர் அதற்கு முன்னாலேயே தயாராகி உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறேன்.

முந்நூறில் இல்லாதவன்:

அக்கா, மனசு கனத்துவிட்டது. ஆனால் தம்பியிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அந்த உவமையையே தப்பாக நடத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 25:5ஐ நிதானமாகப் படியுங்கள். மணவாளன் வரத் தாமதித்தபோது "எல்லாரும்" தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். தூங்கினதற்காக ஒருத்தரையும் கடிந்துகொள்ளவில்லை. அப்புறம் ஏன் நம் முகாம்களில் எல்லாம் ஏதோ ராத்திரி பூராவும் கண்ணைப் பிளந்துகொண்டு இருக்கிறவன்தான் ஆயத்தமானவன் என்கிற மாதிரி பயமுறுத்துகிறார்கள்? காட்டெருமை முன்னால் உங்களுக்கு ஜெபம் வராதது ஆயத்தமின்மை இல்லை, பயம். எண்ணெய் என்பது அந்த நொடியில் வாயில் என்ன வந்தது என்பதில் இல்லை, அதற்கு முந்தின நாளெல்லாம் எப்படி இருந்தீர்கள் என்பதில்.

எனக்கு இதில் சொந்தக் கடுப்பு உண்டு, மறைக்கவில்லை. 1998, இதே ஏற்காடு, இதே மாதிரி முகாம். கிளியூர் பக்கம் ஓடையில் "எல்லாரும் தண்ணி குடிங்க" என்றார் தலைவர். தாகத்தில் நான் குப்புறப் படுத்துக் குடித்தேன். விசில் ஊதினார். பைபிளில் கிதியோன் படைக்கு ஆள் பொறுக்கத் தண்ணீர் குடிக்கவைத்த பரீட்சையாம். கையால் அள்ளிக் குடித்தவர்கள் எச்சரிக்கையானவர்களாம், முந்நூறு பேராம். நாங்கள் தோற்றவர்கள். சாயங்காலம் வரை வெங்காயம் உரித்தேன், முகாம் முடியும்வரை என்னை "இருபத்திரண்டாயிரம்" என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கணக்கே தப்பு! 22,000 பேர் பயந்து வீட்டுக்குப் போனவர்கள், தண்ணீர்ப் பரீட்சை அதற்கு அப்புறம் மிஞ்சின 10,000 பேருக்கு. நியாயாதிபதிகள் 7இல் அள்ளிக் குடித்தவன் விழிப்பானவன் என்று எங்கேயும் இல்லை. ஆள் குறைய வேண்டும், ஜெயித்தது எங்கள் கை என்று இஸ்ரவேல் பெருமை பேசக்கூடாது, அவ்வளவுதான் காரணம். எங்கள் முகாமில் அள்ளிக் குடித்த அத்தனை பேருக்கும் மறுநாள் வயிற்றுப்போக்கு. எனக்கும்தான், அது வேறு.

இருபது வளைவு:

நான் வேன் ஓட்டுகிறவன். சபைக் கூட்டங்களுக்கு நிறைய சவாரி. ஒருமுறை முகாம் முடிந்து இறங்குகிறோம், பின்னால் எல்லோரும் கைதட்டிப் பரலோகம் போகிற பாட்டு. எனக்குப் பிரேக் கருகுகிற வாசனை. நடுவழியில் ஒரு ஊசிமுனை வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. அவர்கள் எல்லாரும் பரலோகத்துக்கு ரெடி, நான் ரெடி இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினேன். ஒருத்தருக்கும் தெரியாது, "டீ குடிக்கவா அண்ணே?" என்றார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்காதீர்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது, அதனால் விட்டு விட்டு மிதியுங்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் நிற்க வேண்டும், மலைக்கு வருகிற பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. பனியில் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். தம்பி, சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே சார்ஜ் தீரும், ஃப்ளைட் மோடில் போட்டிருக்க வேண்டும். காட்டெருமையைப் பார்த்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, அது போக வழிவிட்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும், கன்று கூட இருந்தால் சுத்தம். அக்கா, மின்னலுக்குக் காருக்குள் ஓடினது சரிதான், அத்தையையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

சூரமங்கலம் அக்கா:

எண்ணிக்கொண்டு நிற்கிற நிலையில் நான் இல்லை அண்ணா.

நாகலூர் பொண்ணு:

கீழே இருந்து இரண்டு நாளைக்கு வந்துவிட்டு அனுபவம் என்கிறீர்கள், சிரிப்புதான் வருகிறது, கோபமில்லை. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பி கொண்டுவந்த நாளிலிருந்து கீழே இருந்து வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பாதையில்தான் தினமும் பால் வாங்கப் போகிறோம்.

என்னுடையது மாடும் இல்லை, மின்னலும் இல்லை. நாங்கள் கத்தோலிக்கர். ஈஸ்டர் ராத்திரி திருவிழிப்பில் புதுத்தீயிலிருந்து பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, அதிலிருந்து எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அதை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பீடத்து விளக்கை ஏற்றுவது அம்மாவுக்கு முக்கியம். எனக்குப் பதினொரு வயது, அம்மா அந்த வருஷம் பிரசவத்துக்குப் படுத்திருந்தார், நானும் அப்பாவும் மட்டும் கோயிலுக்குப் போனோம். இரண்டு கிலோமீட்டர். தேங்காய்ச் சிரட்டையில் மெழுகுவர்த்தியை வைத்து உள்ளங்கையால் மறைத்தபடி நடந்தேன், மெழுகு விரலில் சொட்டிச் சொட்டி உறைந்துவிட்டது. சில்வர் ஓக் மரமெல்லாம் சலசலக்கிறது, எனக்கு அது மட்டும்தான் கண்ணில். வீட்டுக் கேட்டைத் தள்ள ஒரு கையை எடுத்தேன். அணைந்துவிட்டது.

அழ ஆரம்பித்தேன். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, பீடி பற்றவைக்கிற லைட்டரை எடுத்து "டிக்" என்று ஏற்றி, "உள்ள போ, அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அம்மா அந்தத் தீயில்தான் விளக்கை ஏற்றி, தம்பி பிறக்கிற வரை அணையவிடாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்பா இப்போது இல்லை. அம்மாவிடம் இதுவரை நான் சொல்லவில்லை.

இருபது வளைவு:

மலைக்காற்றில் சாதா லைட்டர் ஒரே தட்டில் பிடித்ததே பெரிய விஷயம் பாப்பா. உங்க அப்பா கையால் நல்லா மறைத்துப் பிடித்திருப்பார்.