பழைய ஆர்பிஜிகளை (பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டங்களை) வெளிவந்த வரிசையிலேயே ஆடுகிறவர்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு மோதல்?

கட்டம்போட்டதாள்

விசார்ட்ரி முதல் பாகம், நிலவறையின் நான்காம் தளம். ஆப்பிள் டூ என்ற பழைய கணினியைப் போல இயங்கும் எமுலேட்டர். ஆட்டம் சேமிக்கப்படும் வட்டை நகல் எடுத்து வைக்காமல் ஆடுவது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். 1981-இல் இதை ஆடியவர்களுக்கு இருந்த பயம் எனக்கும் இருக்க வேண்டும் என்று ஆசை.

ஒரு கதவை உதைத்துத் திறந்தேன். உள்ளே மந்திரவாதிகள், இரண்டு கூட்டம். முதல் சுற்றில் மூன்று பேர் போனார்கள். அடுத்த சுற்றில் மிச்சமும். இதில் சாவு உடனே வட்டில் ஏறிவிடும், பழையபடி லோட் செய்யும் பேச்சே இல்லை. சடலங்கள் அந்தக் கட்டத்திலேயே கிடக்கும், இன்னொரு அணி போய்த்தான் தூக்கி வர வேண்டும். ஓர் அணியில் ஆறு பேர்தான் இருக்கலாம். எனவே மூன்று பேராகப் போனால் மூன்று பேரைக் கொண்டுவரலாம்.

முதல் தளத்தில் மர்ஃபியின் பேய்கள் என்ற எதிரிகளை அடித்து அடித்து மூன்று பேரை வளர்க்கவே இரண்டு வாரம் ஆனது. ஒரு வழியாக அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்து, முகாம் போட்டுத் தேடினேன். ஆறு பெயர்களும் திரையில் வந்தன. யாரைத் தூக்குவது?

என் அணியின் சண்டைக்காரர்கள் இருவரையும் மந்திரவாதியையும் எடுத்தேன். பொன்னி என் பிரீஸ்ட், அதாவது காயம் ஆற்றும் பூசாரி. முதல் நாளிலிருந்து மற்ற ஐந்து பேரையும் ஆற்றி ஆற்றிக் காப்பாற்றியவள் அவள்தான். அவளை விட்டுவிட்டு வந்தேன். கணக்குப்படி சரியான முடிவு. ஆனாலும் அந்தப் பட்டியலில் அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போன நொடி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆறு மாதமாக அந்த வட்டைத் திறக்கவில்லை.

பாதிமூலிகை

என்னுடையது சண்டையே இல்லை, ஒரு கடை. அல்டிமா 4, 1985.

வரிசையாக ஆடி வந்தவர்களுக்கு இது புரியும். முதல் அல்டிமாவில் இளவரசியை விடுவிக்கச் சாவி வேண்டும், அதற்காகக் கோட்டையில் இருந்த கோமாளியைக் கொன்றேன். மூன்றாம் பாகத்தில் ஊர்ப் பெட்டிகளைத் திறந்து காசை அள்ளிக்கொண்டு காவலர்கள் வருவதற்குள் ஓடினேன். அந்த ஆட்டங்கள் சொல்லிக்கொடுத்த பிழைப்பு அதுதான். அதே கையோடு நான்காம் பாகத்துக்கு வந்தேன்.

மந்திரத்துக்கான மூலிகைகளை விற்கும் பெண்ணுக்குப் பார்வை இல்லை. விலையைச் சொல்வாள், காசை நாமே எண்ணிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் தொகையை நாம்தான் டைப் செய்கிறோம். நான் 1 என்று போட்டேன். வாங்கிக்கொண்டாள். எந்தக் காவலரும் வரவில்லை. நல்ல ஓட்டை கிடைத்துவிட்டது என்று பத்து இருபது தடவை அதையே செய்தேன்.

அப்புறம் அரசர் லார்ட் பிரிட்டிஷின் கோட்டையில், அறங்களில் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் ஹாக்விண்டிடம் போய் நேர்மையைப் பற்றிக் கேட்டேன். நான் திருடன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எட்டு அறங்களிலும் தேறி அவதாரம் ஆவதுதான் அந்த ஆட்டத்தின் குறிக்கோளே. கடைசியில் கொல்வதற்கு ஒரு வில்லன்கூடக் கிடையாது. அவதாரம் என்ற நம் ஊர்ச் சொல்லையே தலைப்பில் வைத்திருக்கும் ஆட்டத்தில் நான் கண் தெரியாதவளை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு தேவையே இல்லாமல் அவளிடம் திரும்பத் திரும்பப் போய், முழு விலை கொடுத்துப் பூண்டும் ஜின்செங்கும் வாங்கினேன். நேர்மை மெல்ல ஏறியது.

நான்காம் பாகத்தை மட்டும் தனியாக எடுத்து ஆடியிருந்தால் முதல் தடவையே சரியாகக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். முந்தைய பாகங்களை ஆடி வந்ததால்தான் அப்படி வலித்தது.

ஒற்றைஃப்ளாப்பி

கட்டம்போட்டதாள் நண்பரே, நகல் எடுக்காமல் ஆடுவதுதான் அந்தக் காலத்து முறை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைக்கு ஆடியவர்களும் வட்டை நகல் எடுத்தார்கள். சாவு எழுதப்படுவதற்குள் டிரைவின் கதவைத் திறந்து வட்டை உருவியவர்களும் உண்டு. நீங்கள் உங்களுக்கு விதித்திருப்பது அவர்களை விடக் கடுமையான தண்டனை.

என் அனுபவம் சின்னது. பார்ட்ஸ் டேல், 1985, ஹார்க்கின் கோட்டை. ஒரு கூட்டத்துக்கு 99 பெர்செர்கர்கள் (வெறிகொண்ட வீரர்கள்), நான்கு கூட்டம், மொத்தம் 396 பேர். அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். செத்தேன். ஊரில் அணி கூடும் கில்டில் மட்டும்தான் சேவ் என்பதால் முழு மாலையும் போனது.

வரிசையாக ஆடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வரைபடத்தைக் கையால் போடுங்கள். விசார்ட்ரியின் ஒவ்வொரு தளமும் 20க்கு 20 கட்டம், ஒரு தாளில் அடங்கிவிடும். ஓரத்தைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் வந்துவிடுவீர்கள், அதையும் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலோர் மந்திரத்தால் தாவுவதற்கு முன் துமாபிக் என்ற மந்திரத்தைச் சொல்லி எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள், கிழக்கே எத்தனை, வடக்கே எத்தனை, கீழே எத்தனை என்று தாளில் கூட்டிப் பார்த்த பிறகே எண்ணைப் போடுங்கள். பாறைக்குள் போய் விழுந்தால் சடலம்கூட மிஞ்சாது. விளக்கப் புத்தகத்தை முழுதாகப் படியுங்கள், அந்தக் காலத்து ஆட்டங்களில் பாதி அதில்தான் இருக்கிறது. வேலை முடிந்து களைத்துப் போய் வந்த இரவில் புதுத் தளத்தில் இறங்காதீர்கள். பிடிக்காத ஆட்டத்தை இழுத்துக்கொண்டே போகாமல் ஆறேழு மணி நேரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அப்புறம் முக்கியமாக: 1982-இல் வந்த விசார்ட்ரி இரண்டாம் பாகத்துக்கு முதல் பாகத்தின் ஆட்களைத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே புது ஆள் உருவாக்க முடியாது. எனவே நீங்கள் பொன்னியை மீட்டே ஆக வேண்டும்.

தீப்பந்தம்

டஞ்சன் மாஸ்டர், 1987, அட்டாரி எஸ்டி கணினி. அதற்கு முன் ஆடியதெல்லாம் என் முறை, உன் முறை. இரண்டாம் தளத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு மம்மி வந்தது. வழக்கம்போல நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது நிற்கவில்லை. அடித்தது. மறுபடி அடித்தது. அது எனக்காகக் காத்திருக்காது என்று புரிவதற்குள் முன்வரிசையில் ஒருவர் செத்துவிட்டார், அவர் இருந்த இடத்தில் எலும்புகள். பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு கதவுவரை வந்து, பொத்தானை அழுத்தினேன். கதவு அதன் தலையில் இறங்கியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நசுக்கியே கொன்றது. அந்தச் சத்தம்!

ஆறேழு வருட ஆட்டங்களில் பழகிய பொறுமை முழுவதும் அரை நிமிடத்தில் உதவாமல் போனது.

பாதிமூலிகை

தீப்பந்தம், அதற்கு முன் எல்லாமே காத்திருந்தன என்பது சரியில்லை. அல்டிமா 3-இல் சும்மா இருந்தாலே முறை தானாகக் கடந்துபோகும், எதிரி வந்துவிடுவான். 1983-இலேயே. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய் அடி வாங்கியிருக்கிறேன்.

தீப்பந்தம்

அங்கே முறை கடந்தது, உண்மை. ஆனாலும் அது கட்டம் கட்டமாகத்தான். மூச்சு வாங்க வைத்தது இதுதான். இதில் நான் மாறப் போவதில்லை.

கட்டம்போட்டதாள்

ஒற்றைஃப்ளாப்பி சொன்ன இரண்டாம் பாகத்து விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்த அன்றைக்கே வட்டைத் திறந்தேன். நகல் மட்டும் எடுக்கவில்லை, மன்னியுங்கள்.

மீட்ட மூவரோடு நேற்று இரவு போனேன். அதே அறை, இந்தத் தடவை உள்ளே யாரும் இல்லை. மிச்சம் மூவரையும் தூக்கி வந்து கோயிலில் காணிக்கை கட்டினேன். இரண்டு பேர் எழுந்தார்கள். பொன்னி சாம்பலாகிவிட்டாள்.

சாம்பலையும் எழுப்பலாம். அதுவும் தவறினால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். காணிக்கைக்குப் பணம் இருக்கிறது. எமுலேட்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன், கோயில் திரையிலேயே நிற்கிறது.