குடிநீர்ப் பராமரிப்பு டெண்டர்: குழாய் உடைப்புக்கு எப்படி விலை போடுவது?

வணக்கம். பத்து வருடமாகக் கட்டடங்களுக்கு பிளம்பிங், மோட்டார் வேலை செய்துவருகிறேன். இப்போது முதல்முறையாக ஒரு சிறிய ஊரின் குடிநீர்ப் பராமரிப்புக்கு டெண்டர் போடப் பார்க்கிறேன். ஓராண்டு ஒப்பந்தம். பம்பு, வால்வு, குளோரின் கருவி, குழாய் உடைப்பு எல்லாம் எடுப்பவர் பொறுப்பு.

மோட்டார், வால்வு கணக்கு சரி, போட்டுவிடலாம். உடைப்புதான் குழப்புகிறது. ஆவணத்தில் ‘தேவைப்படும்போது’ என்று மட்டும் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. பாதி பழைய வார்ப்பிரும்புக் குழாய், மீதி பிவிசி. எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதற்கு வரைபடமும் இல்லை. இரண்டுக்கும் வெளிவிட்டம் வேறு, இணைக்கத் தனி கப்ளிங் வேண்டும். தோண்டுவது, தேங்கும் தண்ணீரை இறைப்பது, சாலையை மூடுவது எல்லாம் சேர்ந்தால் குழாயின் விலை ஒன்றுமே இல்லை. மொத்தத் தொகையாகப் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பயமாக இருக்கிறது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். உடைப்புக்குத் தனி அலகு விலை (ஓர் உடைப்புக்கு இவ்வளவு என்று) வைக்கும்படி, டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே திருத்தம் கேட்கலாமா? பழைய புகார்ப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் தருவார்களா? இரவு அழைப்புக்கு எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்? அப்புறம், 24 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் அபராதமாம். உதிரிபாகம் தாமதமானால் விலக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?