கலைச்சொல் வேண்டும்: ஊகமா, வதந்தியா, அந்தரமா?

கொக்குவிலிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

இதழியல் படிக்கிற பிள்ளைகளுக்காக, விபத்துச் செய்தி எழுதுவது பற்றி ஒரு சிறு கைநூல் செய்துகொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு இடத்தில் மாட்டுப்பட்டு நிற்கிறேன். பயணிகள் விமானம் ஒன்று காணாமல் போகிறது. என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் கதைக்கத் தொடங்கிவிடுகிறது: கடத்திவிட்டார்கள், சுட்டுவிட்டார்கள், தீவொன்றில் இறக்கிவிட்டார்கள். இந்தக் கதைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பெக்கியுலேசன்' என்கிறார்கள். அகராதியைத் திறந்தால் 'ஊகம்' என்றிருக்கிறது. எனக்கு அது போதவில்லை. ஏன் என்று சொல்லமுன் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

(நிகண்டுக்காரர் ஊகம் என்றால் கருங்குரங்கு என்றும் பொருள் சொல்வார்கள். கிளைவிட்டுக் கிளை தாவுவதைப் பார்த்தால் அதுவே பொருத்தம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.)

——

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, 'வதந்தி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? பேப்பர் வாசிக்கிற எவருக்கும் விளங்கும். நாங்கள் சொல் செய்கிறோம் என்று சொல்லிச் சொற்களைக் கொன்றதுதான் மிச்சம்.

——

இணுவிலிலிருந்து, செவ்வாய் மதியம்

அண்ணா, எங்கள் ஊரில் 'விடுப்பு' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன? ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நின்றால் 'விடுப்புப் பார்க்க நிற்குதுகள்' என்றுதானே அம்மா சொல்லுவா. 'விடுப்பூகம்' என்று சேர்த்துவிடலாம்.

——

கொக்குவிலிலிருந்து, செவ்வாய் இரவு

அண்ணைக்கும் தங்கச்சிக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விடுப்பு. நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் விடுப்பு என்றால் லீவு. கைநூல் அங்கேயும் போகும். ஊகத்துக்கு லீவு கொடுத்துவிட்டார்கள் என்று வாசிப்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விடுப்பு என்பது வேலியால் எட்டிப் பார்ப்பவனுடைய குணம். காணாமல் போன விமானத்தைப் பற்றி முதலில் கதைக்கத் தொடங்குபவர்கள் எட்டிப் பார்ப்பவர்கள் இல்லை. விமான நிலையத்தில் கதிரையில் குந்தியிருந்து காத்திருப்பவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லைச் சூட்டினால் பாவம்.

அடுத்தது வதந்தி. அண்ணை, இங்கேதான் நான் உங்களோடு சண்டை பிடிக்கப் போகிறேன். எங்கள் பேச்சுத் தமிழையே கவனியுங்கள். வதந்தி எப்போதும் 'ஆம்' என்று முடியும்: 'பிளேன் விழுந்திட்டுதாம்.' யாரோ சொன்னதைச் சொல்கிறேன், நான் பொறுப்பில்லை என்பது அதன் பொருள். மற்றது 'ஆக்கும்' என்று முடியும்: 'விழுந்திட்டுதாக்கும்.' என் மனதுக்குப் படுகிறதைச் சொல்கிறேன் என்பது இதன் பொருள். முதலாவதற்கு ஒரு சொன்னவன் இருக்கிறான், பொய்யனாக இருந்தாலும். இரண்டாவதற்குச் சொல்பவனைத் தவிர வேறு ஆளே இல்லை. இரண்டும் வேறு வேறு சரக்கு. யாழ்ப்பாணத்துப் பேச்சு இரண்டையும் விகுதியிலேயே பிரித்து வைத்திருக்கிறது. எழுத்துத் தமிழில் எழுதும்போதுதான் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

ஆபத்து எங்கே என்றால், ஒரு வாய் கடந்ததும் 'ஆக்கும்' 'ஆம்' ஆகிவிடும். இன்னொரு வாய் கடந்தால் 'ஆம்' உம் விழுந்துவிடும். இறங்கியிருக்குமாக்கும், இறங்கிட்டுதாம், இறங்கிட்டுது. மூன்றே வாய். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, நானே செய்திருக்கிறேன்.

1998 செப்டெம்பர் 29. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் 24 விமானம். பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் தொடர்பு அறுந்தது. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி பூட்டியிருந்த காலம். கொழும்புக்கு அவசரமாகப் போகவேண்டுமென்றால் அனுமதி எடுத்து, பலாலி போய், அந்த விமானத்தில்தான் ஏறவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை ஏறியிருந்தான். தொலைபேசி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். றேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்தோம். அது ஒன்றும் சொல்லவில்லை.

படலையடியில் நின்ற ஒருவர், 'வன்னிக்குள்ளை இறக்கியிருப்பினமாக்கும்' என்றார். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார், நல்லாய் ஞாபகம் இருக்கிறது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அங்கே கேட்டவர்களிடம், 'வன்னிக்குள்ளை இறக்கியிருக்கினமாம்' என்றேன். இரண்டு மூன்று எழுத்துத்தான் மாறியது என்று இப்போது நினைக்கிறேன். பொழுதுபடமுன் அந்தக் கதை ஒழுங்கையைச் சுற்றி அந்தத் தாயிடமே திரும்பி வந்தது, 'இறக்கிட்டினம், எல்லாரும் பத்திரம்' என்று. மறுநாள் போனால் மகனுக்கு மாற்றுடுப்பு மடித்து ஒரு பையில் வைத்திருந்தார். செஞ்சிலுவைக்காரர் யாராவது போனால் கொடுத்துவிடலாம் என்று.

விமானத்தின் பாகங்கள் 2012இல் இரணைதீவுப் பக்கம் கடலுக்கடியில் கண்டுபிடிக்கப்பட்டன. ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது, சுட்டது புலிகள் என்று அரசாங்க விசாரணையாளர் சொன்னார்கள். 2014 ஜனவரியில், கடலிலிருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர் அடையாளம் காட்டுவதற்காக யாழ்ப்பாணத்தில் வைத்தார்கள். அந்தத் தாயும் பார்க்கப் போனார்.

அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மலேசிய விமானம் எம்.எச். 370 காணாமல் போனது. மார்ச் 8 அதிகாலை, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு, 239 பேரோடு. 1.19க்கு விமானியறையிலிருந்து கடைசிக் குரல். இரண்டு நிமிடம் கழித்துக் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து அடையாளம் மறைந்தது. தொடர்பு அறுந்த நேரம் 2.40 என்று முதலில் அறிவித்து, பிறகு திருத்தினார்கள். ஊர்க்கதை வளர இதைவிட நல்ல உரம் கிடையாது. உத்தியோகபூர்வ வாய் ஒருமுறை பிசகினால், மற்ற வாய்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்தமாதிரி.

அப்புறம் நடந்தது தெரியும்தானே. அமெரிக்கப் படைத்தளம் உள்ள டியாகோ கார்சியாத் தீவில் இறங்கிவிட்டது, கசகஸ்தானில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்துக்கே ஒரு மந்திரவாதி தேங்காயும் மூங்கில் குழாயும் கொண்டுவந்து நின்றார். உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் பிள்ளையைக் காணாத எத்தனை வீட்டுக்காரர் சாத்திரம் கேட்கப் போயிருக்கிறார்கள் என்று தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சியிலோ கருந்துளை விழுங்கியிருக்குமா என்று நிகழ்ச்சி நடத்துபவரே கேட்டார். தேங்காய்க்காரர் பரவாயில்லை.

திருட்டுக் கடவுச்சீட்டில் இருவர் ஏறியிருந்தார்கள் என்று தெரிந்ததும், பயங்கரவாதிகள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். சில நாளில் அவர்கள் புகலிடம் தேடிப் புறப்பட்ட ஈரானிய இளைஞர்கள் போலத்தான் தெரிகிறது என்று பொலிஸ் சொன்னது. ஒருவன் ஜெர்மனியிலிருக்கும் தாயிடம் போக வெளிக்கிட்டவன். இதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமாற்றிய (படம் மாற்றி ஒட்டிய) பாஸ்போர்ட்டில் பிள்ளையை ஏற்றிவிட்டு, போன் அடிக்குமா என்று விடிய விடிய இருந்த வீடுகள் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. அப்படியிருந்தும் அந்த முதல் இரண்டு நாளில் நாங்களும் 'பயங்கரவாதியாக்கும்' என்றுதான் கதைத்தோம். நானும்தான்.

சரி, இப்போது ஊகத்துக்கு வருகிறேன். ஊகம் என்று மட்டும் போட்டால் என்ன பிழை? செய்மதி நிறுவனத்துப் பொறியியலாளர்கள் செய்ததும் ஊகம்தான் என்பதே பிழை. விமானம் பேசவில்லை. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு மேலே இருந்த செய்மதி வழியாகத் தரை நிலையம் அவ்வப்போது 'இருக்கிறீரோ?' என்று கேட்க, விமானத்திலிருந்த கருவி 'ஓம்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசித் தொடர்பு காலை 8.19க்கு. பதில் வரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, பூமிமேல் வில்மாதிரிக் கோடுகள் வரைந்தார்கள். ஏழாவது வில்லில் எங்கோ முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். அலைவரிசை சற்றே மாறியிருந்ததை வைத்து, வடக்கே இல்லை, தெற்கே என்றார்கள்.

எங்கள் அளவை (தருக்க) நூல்காரர் சொல்லும் உதாரணம் ஞாபகம் வருகிறதா? தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான். குரலில்லை, ஆனாலும் 'ஓம்' வருகிறது, ஆகவே பறந்துகொண்டிருக்கிறது. அதே கணக்கு. பிடிக்க ஒரு கொம்பு இருக்கிற ஊகம். 2015 யூலையில் ரீயூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று ஒதுங்கியபோது, இந்து சமுத்திரம் என்றது சரி என்று கண்ணால் காண முடிந்தது. அத்தனைக்கும் பிறகு 120,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடியும் கிடைக்கவில்லை, 2017 ஜனவரியில் அந்தத் தேடலை நிறுத்தினார்கள். கொம்பு இருந்தும் அவ்வளவு பாடு.

இந்த ஊகத்தையும் டியாகோ கார்சியாவையும் ஒரே பெயரால் அழைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். ஆகவே என் முன்மொழிவு: கொம்புள்ளதற்கு வெறும் ஊகம் போதும். கொம்பில்லாததற்கு 'அந்தர ஊகம்'.

அந்தரம் என்றால் வானவெளி, விமானத்துக்குப் பொருந்தும். அந்தரத்தில் தொங்குவது என்றால் பிடியில்லாமல் நிற்பது, எல்லாத் தமிழருக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்தில் 'எனக்கு அந்தரமாய்க் கிடக்குது' என்றால் மனம் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. இந்தக் கதைகள் பிறப்பது அந்தத் தவிப்பில்தான். படலையடியில் பெருமூச்சு விட்டவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

——

மானிப்பாயிலிருந்து, புதன் மாலை

தம்பி, நீர் எழுதியதை இரண்டுதரம் வாசித்தேன். கண் பூஞ்சிப்போனதால் மறுமொழி பிந்திவிட்டது.

மூன்று ஆட்சேபம். ஒன்று, அந்தரம் வடசொல். தனித்தமிழ்க்காரர் விடமாட்டார்கள். இரண்டு, உமது மூன்றாவது பொருள் எங்களுக்கு மட்டும்தான். சென்னையில் இருப்பவருக்குத் தவிப்பு தெரியாது, தொங்கல்தான் தெரியும். மூன்று, கலைச்சொல் என்றால் அதிலிருந்து வினை பிறக்க வேண்டும். 'அந்தர ஊகித்தான்' என்று எழுதுவீரோ? 'பற்றிலூகம்' என்று வைத்துப் பார்த்தேன். வாயில் பல்லி என்று வருகிறது, கைவிட்டேன்.

ஆக்கும், ஆம் பற்றிய பகுதிக்கு நூறு புள்ளி. அதை வெட்டிவிடாதேயும்.

ரீச்சர்

——

கொக்குவிலிலிருந்து, புதன் இரவு

ரீச்சர், உங்களிடம் படித்த காலத்தில் நூறு கிடைத்ததில்லை.

வடசொல் பற்றி: உங்கள் ஊரிலேயே இருந்து மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்த கிறீன் வைத்தியர் முதலில் தமிழில் தேடினார், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால்தான் ஆங்கிலம். அந்த வரிசையை நானும் பிடித்தேன். தமிழில் தேடி அலுத்துத்தான் அந்தரத்துக்கு வந்தேன். அதுவும் எங்கள் கிழவிகளின் வாயில் இத்தனை காலம் கிடந்து ஊறின சொல், இனி அதை அந்நியம் என்று சொல்ல மனம் வரவில்லை.

சென்னைக்காரருக்குத் தொங்கல் மட்டும் விளங்கினாலும் வேலை நடக்கும். தவிப்பை அடிக்குறிப்பில் போடுகிறேன். மூன்றாவதில் நீங்கள் சொல்வது சரி, வினை பிறக்காது. 'அந்தரமாய் ஊகித்தல்' என்று விரித்து எழுதலாம். அழகில்லை, ஆனால் பிழையில்லை.

அண்ணைக்கு ஒரு வார்த்தை. வதந்தியை நான் கொல்லவில்லை. 'ஆம்' போடுகிற கதைக்கெல்லாம் வதந்தி அப்படியே இருக்கும். சதிக்கோட்பாடு தனி, அதற்கு ஒரு சதிகாரன் வேண்டும், அந்தர ஊகத்துக்கு அவன்கூடத் தேவையில்லை. பங்குச்சந்தையில் விலை ஏறும் என்று வாங்கிக் குவிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதை ஊக வணிகம் என்றே விட்டுவிடுவோம், என்னிடம் குவிக்கக் காசும் இல்லை.

பதிவு இப்படிப் போகிறது: 'அந்தர ஊகம்: நிகழ்ந்தது தெரியாத நிலையில், சான்றின் பிடிப்பின்றி, தவிப்பாலோ ஆர்வத்தாலோ பலரும் கூறும் ஊகம். சொன்னவர் ஆக்கும் என்றால் ஆம் என்று எழுதாதே.' கடைசி வசனம் கலைச்சொல் அகராதியில் வரக்கூடாததுதான். இருக்கட்டும்.

——

திருநெல்வேலியிலிருந்து, வியாழன் காலை

ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதமாட்டேன். எதிர்க்கவில்லை என்று எழுதிக்கொள்ளும். நேற்று வீட்டில் கரண்ட் போனபோது மனிசி 'டிரான்ஸ்போமர் வெடிச்சிட்டுதாக்கும்' என்றா. நான் வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 'வெடிச்சிட்டுதாம்' என்று சொல்லிவிட்டுத்தான் உம்மை நினைத்தேன்.

——

மானிப்பாயிலிருந்து, வியாழன் இரவு

சரி தம்பி, அந்தர ஊகம் என்றே போடும்.

இன்னொன்று. செய்மதி கேட்க விமானம் பதில் சொல்வதை, கைநூலின் நாலாம் அத்தியாயத்தில் 'கைகுலுக்கல்' என்று எழுதியிருக்கிறீர். கையில்லாத இரண்டு கருவிகள் எப்படிக் குலுக்கும்? நீரே அந்த 'ஓம்' ஐ எழுதிவிட்டுக் கவனிக்காமல் போய்விட்டீர். சம்மதம் சொல்வதற்கு எங்களிடம் 'ஓம்படுதல்' என்று பழைய சொல் இருக்கிறது. 'கடைசி ஓம்படல் காலை 8.19' என்று எழுதிப் பாரும். மற்றவர்களும் சொல்லட்டும்.