'சில்'லுக்குத் தமிழ்: நிலைப்படியா, கீழ்மரமா?

மு.: எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையில்லாப் பழைய பிரிட்டிஷ் கார்) சீரமைப்புக் கையேட்டில் உடற்கூட்டு இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கதவுக்கு அடியில் முன்பின்னாக ஓடும் 'சில்'லுக்கு (sill) சொல் வேண்டும். முந்தைய எம்.ஜி.ஏ. போல இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. 1962 முதல் உடலே சட்டகம். கூரையும் இல்லாததால் வண்டி நடுவில் தொய்யாமல் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். உள்தகடு, நடுவில் 'மெம்பிரேன்', வெளித்தகடு என மூன்று அடுக்கு. 'சில்' என்றே விடலாமா?

யோ.: வேண்டாம் ஐயா. எங்கட பக்கம் சில்லு எண்டால் சக்கரம். 'துருப்பிடித்த சில்லை வெட்டுக' எண்டு வாசிச்சால் என்னாகும்?

க.: அடிவிட்டம்?

மு.: அடுத்த வரியிலேயே '6 மி.மீ. விட்டத்தில் துளையிடுக' வருகிறதே. வாசற்படியும் ஆகாது. எம்.ஜி.யின் பழைய டி.சி. மாடலில் ஏறுவதற்கு வெளியே நீட்டிய படி உண்டு. அது சுமை தாங்காதது. இரண்டும் குழம்பும்.

பு.: சகடத்துக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? 'கீழ்மரத்து யாத்த சேமவச்சு' என்கிறார் ஔவையார் (புறம். 102). உப்பு வணிகரான உமணர் மாற்று அச்சைக் கட்டிவைத்தது கீழ்மரத்தில். சேமவச்சு இருக்க, வேல்ஸ் நாட்டு லனெல்லியில் ஒரு தெருவின் பெயரான ஸ்டெப்னியை இன்னும் சுமக்கிறோம்! சேமம் என்ற சொல்லின் வேர்...

க.: ஐயா, வேர் பிறகு. எஃகுத் தகட்டை மரம் என்றால் எப்படி? டி.சி.யின் உடற்சட்டம் மெய்யாகவே ஆஷ் மரம். படிப்பவர் உளியோடு வந்துவிடுவார்.

பு.: இரும்பில் செய்தாலும் பாய்மரம் பாய்மரம்தானே?

த.: வீட்டு நிலையைப் பாருங்கள். கதவின் இரு பக்கத் தூண்கள் முன் நிலைக்கால், பின் நிலைக்கால், அடியில் நிலைப்படி. ஒரே குடும்பம். ஓட்டிப் பார்ப்போம்:

'வண்டி சக்கரங்களில் நிற்கட்டும். கதவிடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, இரு நிலைக்கால்களுக்கும் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்த பிறகே நிலைப்படியை வெட்டுக. ஒரு பக்கம் முழுதும் முடித்துத்தான் மறுபக்கம். இல்லையேல் உடல் தொய்ந்து, கதவின் மேல்பின் மூலை நெருக்கும், கதவு திறக்காது.'

பு.: நிலைப்படி நிலையோடு முடியும். இதன் வெளித்தகடோ இரு மட்கார்டுகளுக்கு உள்ளேயும் நீள்கிறது. முன் மட்கார்டைப் போல்ட் கழற்றி எடுக்கலாம். பின்னதன் அடியை வெட்டித்தான் ஆகவேண்டும். நிலைப்படி என்று படித்தவர் கதவகலத்துக்கு மட்டும் புதுத்தகட்டை ஒட்டி, உள்ளே துருவை வளரவிடுவார். அந்த ஏமாற்று வேலைக்குச் சொல்லே துணைபோக வேண்டுமா?

த.: பழைய வீடுகளில் படியின் முனைகள் சுவருக்குள்ளும் புதையுமே, ஐயா. அதோடு, வடிதுளை அடைபட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும் என்பதையும், பற்றவைத்தபின் உள்ளறைக்கு மெழுகு அடிப்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

யோ.: நிலைப்படி எங்களுக்கும் விளங்கும். மெம்பிரேனைச் 'சவ்வு' எண்டு மட்டும் போடாதேங்கோ.

மு.: இடைத்தகடு என்று போடுகிறேன். நிலைப்படிக்கு மூவர், கீழ்மரத்துக்கு ஒருவர்.

பு.: என் மறுப்பு பதிவாகட்டும்.

மு.: பதிவாயிற்று ஐயா. உள்தகட்டின் அடியில், கோட்டை மதில்போல வளைந்த 'காசில் ரெயில்' பாக்கியிருக்கிறது.

பு.: மதிலுறுப்புக்கு ஞாயில் என்றொரு சொல் உண்டு. விரிவாக இரவு எழுதுகிறேன்.