எக்ஸ்ஆர்டி பீக் நகர்ந்தால் அது திரிபுதானா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஆய்வு மாணவி, இயற்பியல்:

நானே தொடங்குகிறேன். எக்ஸ்ஆர்டி என்றால் படிகத்தின் மேல் எக்ஸ் கதிரை விட்டு, அது எந்தக் கோணங்களில் பலமாகச் சிதறி வருகிறது (அதுதான் பீக்) என்று பார்ப்பது. அணுத் தளங்களின் இடைவெளி விரிந்தால் பீக்கின் கோணம் இறங்கும், சுருங்கினால் ஏறும்; அந்த இடைவெளி மாற்றம்தான் திரிபு. துத்தநாக ஆக்சைடில் கொஞ்சம் அலுமினியம் சேர்த்துப் பொடி தயாரிக்கிறோம். தாமிரத்திலிருந்து எக்ஸ் கதிர் எடுக்கும் குழாயில் அதன் 002 பீக் (002, 110 எல்லாம் அணுத் தளங்களின் பெயர்) 34.4 டிகிரியில் வரும். அலுமினியம் சேர்த்ததும் 0.07 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. குழுவில் ஒரே சந்தோஷம். "அணிக்கோவை (அணுக்களின் ஒழுங்கான அடுக்கு) விரிந்திருக்கிறது, 0.2 சதவீதத் திரிபு" என்று ஸ்லைடு வரைக்கும் தயார். எனக்கு மட்டும் உறுத்தல். அலுமினிய அயனி துத்தநாக அயனியைவிடச் சின்னது. அது போய் அந்த இடத்தில் உட்கார்ந்தால் சுருங்கத்தானே வேண்டும்?

சீனியர் அக்கா ஒருவர், "ஒரு பீக்கை வைத்துப் பேசாதே, எல்லாவற்றையும் பார்" என்றார். உண்மையான திரிபு என்றால் கோணம் ஏற ஏற நகர்வும் ஏறும். 34.4இல் 0.07 என்றால் 56.6இல் இருக்கும் 110 பீக்கில் 0.12 வந்திருக்க வேண்டும். வந்ததோ 0.07க்கும் ஒரு சொட்டுக் கம்மி. கோணம் ஏறும்போது நகர்வு குறைந்தால் பழி சாம்பிளின் உயரத்தின் மேல்தான். அப்புறம் சிலிக்கான் பொடியைக் கலந்து மறுபடி ஸ்கேன் எடுத்தோம். 28.44இல் நிற்க வேண்டிய சிலிக்கான் பீக்கும் அதே அளவு இறங்கியிருந்தது! எங்கள் கருவியின் ஆரம், அதாவது சாம்பிளிலிருந்து டிடெக்டருக்கு உள்ள தூரம், 150 மி.மீ. பொடி ஹோல்டரின் விளிம்புக்கு 0.1 மி.மீ. கீழே இருந்தாலே இவ்வளவு நகரும். அது ஒரு ஏ4 தாளின் தடிமன்.

தரக் கட்டுப்பாடு, வாகன உதிரிபாகம்:

எங்களுக்குப் பொடி இல்லை தங்கச்சி, கெட்டி எஃகு. கிரைண்டிங் முடிந்த ஷாஃப்ட்டுகளில் சில, ரேக்கில் சும்மா இருக்கும்போதே மயிரிழை விரிசல் விட்டன. கடினத்தன்மை சரி, அளவு சரி, சூட்டில் நிறம் மாறிய தடம்கூட இல்லை. கடைசியில் எக்ஸ்ரே தகைவுக் கருவியை (உலோகத்துக்குள் தேங்கிய இழுப்பையும் அமுக்கத்தையும் அளப்பது) வரவழைத்தோம்.

அதில் குரோமியம் குழாய். தாமிரக் குழாய் போட்டால் இரும்பே பதிலுக்கு எக்ஸ் கதிர் விட்டுப் பின்னணியைத் தூக்கிவிடும். குரோமியத்துக்கு எஃகின் 211 பீக் 156 டிகிரி பக்கம் விழும். 0.1 சதவீதத் திரிபு உங்கள் 34 டிகிரியில் 0.035 டிகிரிதான் நகர்த்தும். இங்கே அரை டிகிரிக்கு மேல். தகைவு அளப்பவர்கள் உயர்கோணத்தை விடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

வெவ்வேறு சாய்வில் வைத்துத் தள இடைவெளியை அளக்கிறார்கள். சாய்வுக் கோணத்தின் சைன் வர்க்கத்துக்கு எதிரே புள்ளி வைத்தால் நேர்கோடு வரும். ஏறினால் இழுவிசை, இறங்கினால் அமுக்கம். பரப்புக்குச் செங்குத்தாகத் தகைவு பூஜ்யம் என்பதால், திரிபே இல்லாத எஃகின் இடைவெளி துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது.

நல்ல ஷாஃப்ட்டில் கோடு இறங்கியது, விரிசல் விட்டதில் ஏறியது. தேடிப் பார்த்தால் ஒரு மெஷினில் கூலன்ட் நாசில் திரும்பிக் கிடந்தது. உரசும் இடத்தில் சூடேறி, ஆறும்போது மேல்தோல் இழுபட்டிருக்கிறது. கதிர் சில மைக்ரான்தான் உள்ளே போகும். ஆழமாகப் பார்க்க மின்வேதி முறையில் பாலிஷ் செய்து அடுக்கடுக்காக எடுக்க வேண்டும். எமரித் தாள் வேண்டாம், தேய்ப்பதே புதுத் தகைவை ஏற்றிவிடும்.

ஆய்வகப் பொறுப்பாளர் (ஓய்வு):

இரண்டு பேரும் நகர்வைப் பேசினீர்கள். என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பீக்கின் அகலத்தைத்தான் கேட்டார்கள். சீரான திரிபு பீக்கை நகர்த்தும். இடத்துக்கு இடம் மாறும் திரிபு பீக்கை அகலமாக்கும். படிகத்துணுக்கு சிறுத்தாலும் அகலும். எல்லோரும் அகலத்திலிருந்து துணுக்கின் அளவைக் கணக்கிடும் 1918இன் ஷெரர் சமன்பாட்டில் ஒரே பீக்கைப் போட்டு "துணுக்கு 18 நானோமீட்டர்" என்று எழுதிவிடுவார்கள். கருவியே தரும் அகலத்தைக் கழித்தீர்களா என்றால் பதில் வராது. தன் பங்குக்கு அகலம் சேர்க்காத தரப் பொடியான லாந்தனம் ஹெக்ஸாபோரைடை ஒருமுறை ஓட்டினால் அந்த அகலம் தெரிந்துவிடும். அதைக் கழித்துவிட்டு 1953இன் வில்லியம்சன்–ஹால் வரைபடம் (கோணத்தோடு அகலம் எப்படி மாறுகிறது என்று எல்லா பீக்குகளையும் வைத்துப் பார்ப்பது) போடுங்கள்: கோட்டின் சாய்வு திரிபைச் சொல்லும், கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் துணுக்கின் அளவைச் சொல்லும். புள்ளிகள் கோட்டில் நிற்காமல் சிதறினால் திரிபு திசைக்குத் திசை வேறுபடலாம். அங்கே வலுக்கட்டாயமாகக் கோடு இழுப்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆய்வு மாணவி:

சார், ஒப்பிடக் கலக்கும் தரச் சிலிக்கான் பொடி தீரப்போகிறது. உடைந்த சிலிக்கான் வேஃபரை (சிப் செய்யும் தகடு) அரைத்துப் போடலாமா?

ஆய்வகப் பொறுப்பாளர் (ஓய்வு):

உயரப் பிழையைக் கண்டுபிடிக்கப் போதும். ஆனால் அதிகம் போரான் ஏற்றிய வேஃபர் வேண்டாம், அதில் அணிக்கோவையே சற்றுச் சுருங்கியிருக்கும். அகலத்துக்கு அதை நம்பாதே, அரைத்த பொடியில் திரிபு ஏறியிருக்கும். இருக்கும் தரப் பொடியில் ஒரு சிட்டிகையை எடுத்து வை. புதுப் பொடியை முதலில் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடு.